பெயரைத் தேடாதீர்கள், ஊரைத் தேடுங்கள்: கொழும்பிலிருந்து குடும்ப வரலாறு தேடத் தொடங்குவோருக்கு

குடும்ப வரலாறு தேடும் இணையத்தளம் எதைத் திறந்தாலும் அது முதலில் கேட்பது குடும்பப் பெயரைத்தான். பெரேராவும் டி சில்வாவும் பறங்கியர் குடும்பத்தவரும் அந்தக் கட்டத்தை நிரப்பிவிட்டு மேலே போய்விடுகிறார்கள். நாம் அங்கேயே நின்றுவிடுகிறோம். அப்பாவின் பெயர் எனக்கு முதலெழுத்து. அவருடைய அப்பாவின் பெயர் அவருக்கு முதலெழுத்து. தலைமுறைக்கொரு பெயர். கந்தையா என்று தட்டினால் நூற்றுக்கணக்கில் கந்தையாக்கள் வந்து நிற்பார்கள். நம்முடைய கந்தையா மட்டும் வரமாட்டார்.

ஆகவே தமிழ்க் குடும்பத்தைத் தேடுகிறவர் மறுபக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். ஊர், குறிச்சி, தோட்டம், தெரு, கோவில், பாடசாலை ஆகியவை முதலில்; பெயர் பிறகு. வெள்ளவத்தைத் தொடர்மாடியில் இருப்பவரோ, கொட்டாஞ்சேனையில் மூன்று தலைமுறையாக வாழ்பவரோ, யாராக இருந்தாலும் இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் பாதி அலைச்சல் குறையும்.

முதலில் வீட்டு அலுமாரி

கணினியைத் திறக்க வேண்டாம். அலுமாரியைத் திறவுங்கள். பிறப்பு, விவாகச் சான்றிதழ்கள், பழைய அடையாள அட்டை, காணி உறுதி, சாதகம், கலியாணக் கடிதம், பின்புறம் ஏதாவது எழுதியிருக்கும் படங்கள் எல்லாவற்றையும் எடுத்துத் தொலைபேசியில் படம் பிடியுங்கள். பின்புறத்தையும் பிடியுங்கள். ஸ்டூடியோவின் முத்திரையும் ஊர்ப் பெயரும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

யாழ்ப்பாணத்துக் குடும்பம் என்றால் இவற்றில் மிகவும் பெறுமதியானது கல்வெட்டு. இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியை நாளில் உறவினர்களுக்குக் கொடுக்கும் அந்தச் சிறு புத்தகத்தைத் தேவாரத்துக்காக மட்டும் வைத்திருக்கிறோம். நடுப்பக்கத்துக்குப் போய்ப் பாருங்கள். பல கல்வெட்டுகளில் வம்சாவளி வரைபடம் இருக்கும். திதி வெண்பா இறந்த நாளைத் தமிழ் வருடம், மாதம், பட்சம், திதியோடு கட்டிவைத்திருக்கும். இறந்தவர் படித்த பாடசாலை, வேலை பார்த்த இடங்கள், கொடுத்த கோவில் திருப்பணி எல்லாம் வாழ்க்கைக் குறிப்பில் வரும். எழுதியவர் ஊரின் தமிழாசிரியராக இருந்தால் புகழ்ச்சி கொஞ்சம் தூக்கலாக இருக்கும். புகழ்ச்சியைத் தள்ளிவிட்டு இடப் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பத்திரிகையில் வந்த மரண அறிவித்தல். வீரகேசரி 1930இலும் தினகரன் 1932இலும் தொடங்கியவை. அவற்றில் வரும் அறிவித்தல்களுக்கு ஒரு நிலையான அமைப்பு உண்டு. இன்ன தீவின் இன்ன வட்டாரத்தைப் பிறப்பிடமாகவும், வெள்ளவத்தையை வதிவிடமாகவும் கொண்டவர் என்று முதல் வரி. பிறகு ‘காலஞ்சென்ற இன்னார் தம்பதியரின் கனிஷ்ட புதல்வரும்’, ‘அன்புக் கணவரும்’, ‘பாசமிகு மாமனாரும்’ என்று வரிசை நீளும். ஒரே அறிவித்தலில் மூன்று தலைமுறையும் சம்பந்தி வீடுகளும் வந்துவிடும். அதில் ‘காலஞ்சென்ற’ என்ற சொல் யாருக்கு முன்னால் வருகிறது, யாருக்கு முன்னால் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். அந்தத் திகதியில் யார் யார் உயிரோடு இருந்தார்கள் என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. கனடா, லண்டன் என்று அடைப்புக்குறிக்குள் வரும் ஊர்கள், இன்று நீங்கள் யாருக்கு மின்னஞ்சல் எழுத வேண்டும் என்பதைச் சொல்கின்றன.

ஓலைச் சாதகம் இருந்தால் சாலிவாகன சகாப்த ஆண்டோடு 78ஐக் கூட்டுங்கள். ஜனவரி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை பிறந்தவருக்கு 79. ‘பராபவ வருடம்’ என்று மட்டும் இருந்தால் எச்சரிக்கை. அது 1906ஆகவும் இருக்கலாம், 1966ஆகவும் இருக்கலாம்; அறுபது ஆண்டுக்கொருமுறை அது திரும்ப வரும். இன்னொரு பொறியும் உண்டு. நம் நாட்டுத் தமிழ் ஆவணங்களில் ஆவணி என்றால் சிலவேளை தமிழ் மாதம், பலவேளை ஓகஸ்ட். கோவில் தாளா, கந்தோர்த் தாளா என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

மூத்தவர்களிடம் கேட்பது எப்படி

“அம்மம்மா, நம் பரம்பரையைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று கேட்டால் “என்னத்தைச் சொல்ல, எல்லாரும் நல்ல சனம்” என்று பதில் வரும். அதற்குப் பதிலாக இப்படிக் கேளுங்கள்: “கலியாணத்துக்கு முன் எந்தக் கிணற்றில் தண்ணீர் அள்ளினீர்கள்?” “கோவிலில் உங்கள் வீட்டுத் திருவிழா எத்தனையாம் நாள்?” “கொழும்புக்கு முதன்முதல் வந்தபோது யார் வீட்டில் நின்றீர்கள்?” திருவிழா உபயம் தலைமுறை தலைமுறையாக ஒரே வம்சத்திடம் இருப்பது வழக்கம். எத்தனையாம் திருவிழா என்று தெரிந்துவிட்டால், அதைச் சேர்ந்து செய்யும் பங்காளிகள் யார் என்ற கேள்விக்கு விடை தானாக வரும்.

பேச்சைப் பதிவு செய்யுங்கள், அனுமதி கேட்டுவிட்டு. வட்ஸ்அப் குடும்பக் குழுவில் பழைய படம் ஒன்றைப் போட்டு “இடப்பக்கம் நிற்பவர் யார்?” என்று கேட்பது நேர்காணலைவிட நன்றாக வேலை செய்யும். பெரியம்மா ஒரு பெயர் சொல்வார், மாமி அதை மறுப்பார், விவாதத்தில் உண்மை வெளியே வரும்.

பதிவாளர் நாயகத்தின் தாள்கள்

இலங்கையில் பிறப்பு, இறப்புப் பதிவு 1867இல் தொடங்கியது. 1960ஆம் ஆண்டுக்குப் பிந்திய பிறப்பு, விவாக, இறப்புச் சான்றிதழ்களின் பிரதியை, எந்த மாவட்டத்தில் பதிந்திருந்தாலும், உங்களுக்கு அருகிலுள்ள பிரதேச செயலகத்தில் கேட்டுப் பெறலாம். பத்தரமுல்லையில் தலைமையகம் உள்ள பதிவாளர் நாயகம் திணைக்களத்தின் இணையத்தளம் வழியாகவும் விண்ணப்பிக்கலாம். பதிவு இலக்கம் தெரியாவிட்டால் தேடித் தரச் சொல்லலாம். அதற்குக் கட்டணம் கூடுதல். 1960க்கு முந்தியவை என்றால் பதிவு நடந்த மாவட்டத்தின் பெயர் அவசியம். ஊரை முதலில் கண்டுபிடியுங்கள் என்று சொன்னதன் பயன் இந்த இடத்தில் தெரியும்.

பலரும் கவனிக்காத ஒன்றைச் சொல்கிறேன். சுதந்திரத்துக்குப் பின் வந்த பிறப்புச் சான்றிதழ் படிவத்தில் தாய், தந்தைக்குக் கீழே இன்னும் இரண்டு கட்டங்கள் உண்டு. பாட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவருடைய பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் ஒன்றில். தந்தை இலங்கையில் பிறக்காமல் பூட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவருடைய விபரம் மற்றதில். குடும்ப வரலாறு எழுதுவோரின் வசதிக்காக எவரும் இந்தக் கட்டங்களைப் போடவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வம்சாவளியைக் கேட்டது, படிவமும் கேட்டது. காரணம் எதுவானாலும் ஒரே தாளில் நான்கு தலைமுறை கிடைக்க வழி இருக்கிறது. உங்கள் அப்பாவின் சான்றிதழை மட்டுமல்ல, அவருடைய சகோதரர்கள் எல்லோருடையதையும் எடுத்துப் பாருங்கள். ஒருவருடையதில் வெறுமையாக விட்ட கட்டம் மற்றவருடையதில் நிரம்பியிருக்கும்.

விவாகச் சான்றிதழில் இரு தந்தையரின் பெயரும் தொழிலும் வரும். சாட்சிகள் பெரும்பாலும் உறவினரே. முஸ்லிம் குடும்பங்களின் விவாகப் பதிவு 1951ஆம் ஆண்டின் தனிச் சட்டத்தின் கீழ் வருவது. பள்ளிவாசலில் விவாகங்களைக் குறித்துவைக்கும் கடுத்தப் புத்தகத்தையும் கேட்டுப் பாருங்கள்.

காணி உறுதியைச் சட்டத்தரணிக்கு மட்டும் உரியது என்று ஒதுக்காதீர்கள். யாழ்ப்பாணத்துச் சீதன உறுதி ஒன்றை நிதானமாக வாசித்தால், கொடுக்கும் தாய் தந்தையர், பெறும் மகள், மாப்பிள்ளை, காணிக்குப் பெயர், எத்தனை பரப்பு, எத்தனை குழி, கிழக்கே யார் காணி, மேற்கே யார் காணி என்று ஒரு குறிச்சியின் படமே விரியும். முதுசமாக (தந்தை வழிப் பரம்பரைச் சொத்தாக) வந்ததா, சீதனமாக வந்ததா, தேடிய தேட்டமா என்பதையும் உறுதி சொல்லும். தந்தை வழியா, தாய் வழியா என்று நீங்கள் அடுத்துப் போக வேண்டிய திசை அது. ‘இன்ன இலக்க உறுதிப்படி’ என்று அது சுட்டும் முந்திய உறுதியைக் காணிப் பதிவகத்தில் தேடிப் பின்னோக்கிப் போகலாம்.

இணையத்தில் எங்கே தேடுவது

நமக்கென்று ஒரு பெருங்கதவு உண்டு: நூலகம். 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய இந்த எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்கள், சஞ்சிகைகள், பழைய பத்திரிகைகளோடு நினைவு மலர்கள், பாடசாலை மலர்கள், கும்பாபிஷேக மலர்கள், ஊர் வரலாறுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அதன் துணைத் தளமான ஆவணகத்தில் படங்களும் ஒலிப்பதிவுகளும் உண்டு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்து சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்த ஒரு சமூகத்தில் இப்படியொன்று இருப்பதன் அருமையைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

அங்கேயும் ஆளின் பெயரோடு போகாதீர்கள். ஊர்ப் பெயரையும் பாடசாலைப் பெயரையும் கொடுத்து மலர்களின் பட்டியலை எடுங்கள். கிடைக்கும் பிரதிகள் பெரும்பாலும் பக்கங்களின் படங்கள்; உள்ளே இருக்கும் ஒவ்வொரு பெயரும் தேடலில் அகப்படும் என்று நம்பியிருக்கக் கூடாது. பாடசாலை நூற்றாண்டு மலரில் பழைய மாணவர் பட்டியலையும் குழுப் படத்தின் கீழ் இருக்கும் வரிசையையும் கண்ணால் வாசித்தே ஆக வேண்டும். தேநீர் ஒன்றை ஊற்றி வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

ஆங்கிலப் பதிவுகளுக்குள் போகும்போது எழுத்துக்கூட்டல் பிசகும். சிவசம்பு என்ற பெயரின் கடைசி எழுத்தை ஓர் எழுதுவினைஞர் ஒருவிதமாகவும் மற்றவர் வேறுவிதமாகவும் எழுதியிருப்பார். பிள்ளை சிலவேளை ஒட்டி வரும், சிலவேளை பிரிந்து வரும். ஒரு பெயருக்குச் சாத்தியமான எல்லா வடிவங்களையும் முதலிலேயே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இடப் பெயரும் அப்படித்தான். ஒல்லாந்தர் நெடுந்தீவை டெல்ஃப்ட் என்றும், வேலணைத் தீவை லெய்டன் என்றும், புங்குடுதீவை மிடில்பர்க் என்றும், காரைநகரை ஆம்ஸ்டர்டாம் என்றும் எழுதினார்கள். ஆகவே இலங்கைக் குடும்பம் ஒன்றின் மூதாதை ‘ஆம்ஸ்டர்டாமில்’ பிறந்ததாகக் கண்டால் உடனே ஒல்லாந்து இரத்தம் என்று மார்தட்ட வேண்டாம்; காரைநகராக இருக்கலாம்.

அமெரிக்க மிஷன் 1816இல் யாழ்ப்பாணம் வந்த பிறகு அவர்களின் பாடசாலைகளில் படித்த சிலருக்குப் புதுப் பெயர்கள் சேர்ந்தன. ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை போன்ற பெயர்களை நினைத்துப் பாருங்கள். உங்கள் குடும்பத்தில் திடீரென்று ஓர் ஆங்கிலப் பெயர் தோன்றி அடுத்த தலைமுறையில் மறைந்தால் பெரும்பாலும் விடை மிஷன் பாடசாலையில் இருக்கும்.

மலாயாவுக்குப் போன தாத்தா இருக்கிறாரா? ரயில்வேயிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் வேலை பார்க்க யாழ்ப்பாணத்திலிருந்து பெருந்தொகையானோர் அங்கே போனார்கள். சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய ஆங்கிலப் பத்திரிகைகளை இணையத்தில் இலவசமாக, சொல் தேடும் வசதியோடு வைத்திருக்கிறது. இடமாற்றம், திருமணம், பிரியாவிடை வைபவம், மரணம் என்று இங்கே கிடைக்காத செய்தி அங்கே கிடைப்பது உண்டு. என் கணிப்பில் யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் மிகக் குறைவாகப் பயன்படுத்தும் மிக நல்ல மூலம் இதுதான்.

மலையகத்திலிருந்து வந்த குடும்பங்கள்

கொழும்பில் வாழும் மலையக வம்சாவளியினருக்குத் தோட்டத்தின் பெயரே குடும்பப் பெயர் மாதிரி. எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு, எந்தக் கங்காணியின் ஆட்கள் என்ற மூன்றும் தெரிந்தால் வழி திறக்கும். தோட்டங்களுக்குத் தொழிலாளர் வழங்கிய தமிழ்ப் பெயர் வேறு, பதிவில் இருக்கும் ஆங்கிலப் பெயர் வேறு. ஃபெர்குசன் இலங்கை டைரக்டரியின் பழைய தொகுதிகளில் தோட்டங்களின் பட்டியல் உண்டு. இவற்றிற் சில இலங்கைத் தேயிலை வரலாற்றுக்கான இணையத்தளத்திலும் இணைய ஆவணக் காப்பகத்திலும் வாசிக்கக் கிடைக்கின்றன. துரைமாரின் பெயர்தான் அதில் இருக்கும், தொழிலாளியின் பெயர் இராது. தொழிலாளியின் பெயரைச் செக்ரோலில், அதாவது தோட்டத்தின் வேலைநாள், சம்பளப் பதிவேட்டில், தேட வேண்டும். அது எஞ்சியிருக்கிறதா என்பது தோட்டத்தைப் பொறுத்தது.

வீட்டில் தேட வேண்டியவை: மண்டபம் முகாம் (இந்தியாவிலிருந்து வந்த தொழிலாளரைத் தங்கவைத்துப் பரிசோதித்த இடம்) தாள்கள், பற்றுச்சீட்டு (தோட்டத்தை விட்டு விலகும்போது கொடுத்த சீட்டு), 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டத்தின் கீழ் கொடுத்த விண்ணப்பத்தின் பிரதி, பிரஜாவுரிமைச் சான்றிதழ். அந்த விண்ணப்பத்தில் வதிவிடத்தை நிரூபிக்க வேண்டியிருந்ததால் குடும்ப விபரமும் இருந்த இடங்களும் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. அண்ணன் ஒரு பக்கம், தம்பி மறுபக்கம் என்று போன வீடுகள் பல. அப்படியானால் உங்கள் வம்சாவளியின் மற்றப் பாதி கூடலூரிலோ கோத்தகிரியிலோ இருக்கலாம். தேடலைக் கடலோடு நிறுத்தாதீர்கள்.

வாக்காளர் இடாப்பும் பேசும். சர்வசன வாக்குரிமை 1931இல் வந்தது. 1947 தேர்தல் இடாப்பில் இருந்த பெயர் 1952இல் இல்லையென்றால் ஆள் இறந்துவிட்டார் என்று எழுதிவிடாதீர்கள். இடையில் சட்டம் மாறி வாக்குரிமை பறிபோயிருக்கலாம். பிறப்புச் சான்றிதழில் பாட்டனாருக்கான கட்டம் ஏன் வெறுமையாக இருக்கிறது என்பதற்கும் அதே வரலாறுதான் விளக்கம்.

கொழும்பிலேயே வேர் உள்ளவர்கள்

கொழும்புச் செட்டிமார் என் விதிக்கு விலக்கு. காசிச்செட்டி, கந்தப்பா, அசரப்பா என்று தலைமுறை தாண்டி நிற்கும் பெயர்கள் அவர்களுக்கு உண்டு. வொல்வெண்டால் தேவாலயம் உள்ளிட்ட ஒல்லாந்துச் சீர்திருத்த சபையின் கொழும்புப் பதிவேடுகளின் படங்கள் ஃபேமிலிசேர்ச் தளத்தில் உண்டு. கணக்கு ஒன்றை இலவசமாகத் திறந்துவிட்டுப் பார்க்கலாம். கத்தோலிக்கக் குடும்பம் என்றால் பங்குக் கோவிலின் திருமுழுக்குப் பதிவேடு. ஞானப்பெற்றோர் யார் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் மாமனோ அத்தையோதான். பறங்கியர் வழி இருந்தால் 1908இல் அமைந்த டச்சு பறங்கியர் சங்கத்தின் சஞ்சிகையில் குடும்ப வம்சாவளிகள் வந்திருக்கின்றன.

முகவரியை வைத்துத் தேடும்போது தெருப் பெயர் மாற்றங்கள் குழப்பும். புல்லர்ஸ் வீதி இன்று பௌத்தாலோக மாவத்தை. டரட் வீதி தர்மபால மாவத்தை. பார்பர் தெரு மகாவித்தியாலய மாவத்தை. தாத்தாவின் கடித உறையில் இருக்கும் தெரு இன்றைய வரைபடத்தில் இல்லையென்றால் அதுதான் காரணம்.

கோவில்களில் கல்லையும் மணியையும் பாருங்கள். கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேஸ்வரர் கோவிலை 1856இல் பொன்னம்பல முதலியார் அமைத்ததும், பிறகு மகன் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் எடுப்பித்ததும் எல்லோருக்கும் தெரிந்த வரலாறு. செட்டியார் தெருக் கதிரேசன் கோவில்களிலும் மற்றக் கோவில்களிலும் சின்ன உபயகாரர்கள் தம் பெயரைப் பொறித்துவைத்ததை யாரும் எழுதுவதில்லை. டியூப் லைட்டின் பாதி வெளிச்சத்தை ‘உபயம்’ மறைக்கிறது என்று நாம் சிரிப்போம். ஐம்பது ஆண்டு கழிந்தால் அதுவும் ஆவணம்தான். பொரளைக் கனத்தையில் கல்லறை வாசிக்கப் போவதானால் காலை வெயில் சரிந்து விழும் நேரத்தில் போங்கள். தேய்ந்த எழுத்தும் நிழலில் தெரியும்.

சுவடிகள் காப்பகத்துக்குப் போகும் நாள்

இவ்வளவும் செய்த பிறகு பிலிப் குணவர்தன மாவத்தையில், அதாவது பழைய ரீட் அவெனியூவில், உள்ள தேசிய சுவடிகள் காப்பகத்துக்குப் போங்கள். முன்னரே போகாதீர்கள். “என் குடும்பம் பற்றி என்ன இருக்கிறது?” என்று கேட்பவருக்கு உத்தியோகத்தரால் உதவ முடியாது, “இன்ன ஊரின் இன்ன ஆண்டு வர்த்தமானி” என்று கேட்பவருக்கு முடியும். அடையாள அட்டை, பென்சில், குறிப்புப் புத்தகம் போதும்.

வர்த்தமானியில் தொடங்குங்கள். 1802 முதல் வெளிவரும் அரசாங்க வர்த்தமானியின் பழைய இதழ்களில் மரண சாதன வழக்குகளின் அறிவித்தல்கள் உண்டு. இறந்தவர் பெயர், ஊர், சொத்துக்கு உரிமை கோரும் மனைவி, பிள்ளைகள், சகோதரர் என்று வரும். சொத்து இல்லாதவர் வீட்டுக்கு இது உதவாது என்பது உண்மைதான்.

தோம்புகள் எனப்படும் ஒல்லாந்தர் காலப் பதிவேடுகள் இங்கேதான் இருக்கின்றன. வீட்டாரின் பெயர்களைக் கொண்டது தலைத் தோம்பு, காணிகளைக் கொண்டது காணித் தோம்பு. ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆவணங்கள் 2003இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. மொழியும் கையெழுத்தும் கடினம்; 1800களின் நடுப்பகுதிக்காவது ஊரும் குறிச்சியும் உறுதியாகாமல் அதில் கைவைப்பது வீண்.

நூல்களுக்கு நூதனசாலை நூலகமும், வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கையில் உள்ள கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகமும் நல்லவை. தமிழ்ச் சங்கம் 1942இல் தொடங்கியது. அங்கே ஊர் மலர்களைப் புரட்டிக்கொண்டிருக்கும்போது பக்கத்து மேசைப் பெரியவர் “நீங்கள் எந்த ஊர்?” என்று கேட்டால் பதில் சொல்லுங்கள். பல முடிச்சுகள் அந்தக் கேள்வியில் அவிழும்.

எழுதி வைக்கும் முறை

கிராம்ப்ஸ் போன்ற இலவச மென்பொருள் போதும். குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விடுங்கள், அல்லது தந்தை பெயரை இடுங்கள். எதைச் செய்தாலும் எல்லோருக்கும் ஒரே மாதிரிச் செய்யுங்கள். பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பதியுங்கள். வீட்டுப் பெயரை விடாதீர்கள். ‘சின்னத்துரை’ என்று ஊரே அழைத்தவரின் பதிவுப் பெயர் வேறாக இருக்கும். ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் எங்கிருந்து வந்தது என்று ஒரு வரி: மாமி சொன்னது, கல்வெட்டு, சான்றிதழ் என்று. மாமி சொன்னதும் சான்றிதழும் முரண்பட்டால் இரண்டையும் வைத்திருங்கள். பாடசாலையில் சேர்ப்பதற்காக வயதைக் கூட்டியும் குறைத்தும் எழுதிய காலம் அது.

உயிரோடிருப்பவர்களின் பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம், தாயின் பெயர் ஆகியவற்றைப் பொதுத் தளங்களில் போடாதீர்கள். வங்கிகள் கேட்கும் கேள்விகளுக்கு அவைதான் விடை. இரண்டாம் தாரம், வளர்ப்புப் பிள்ளை, சாதி விட்டுச் செய்த கலியாணம் போன்றவை வெளிப்பட்டால் சம்பந்தப்பட்ட வீட்டாரைக் கேட்காமல் வட்ஸ்அப் குழுவில் போடக் கூடாது. ஆனால் உங்கள் கோப்பிலிருந்து அழிக்கவும் கூடாது.

வீட்டிலுள்ள கல்வெட்டுகளையும் மலர்களையும் ஒளிவருடியில் படமெடுத்து, மேலே சொன்ன ‘நூலகம்’ எண்ணிம நூலகத்துக்குக் கொடுங்கள். நிழல் விழாமல், பக்கத்தின் நான்கு மூலையும் தெரிய, அட்டையிலிருந்து பின்னட்டை வரை வரிசை பிசகாமல் எடுத்தால் போதும். அச்சிட்ட ஆண்டும் ஊரும் அட்டையில் இல்லையென்றால் தெரிந்தவரைக் கேட்டு ஒரு குறிப்பை இணைத்துவிடுங்கள்.